மாத்தாளு வர்ற வரைக்கும்

உக்காருங்க. அதுல வேண்டாங்க, அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆடுது, இப்பிடி என் பக்கத்துல வாங்க. டோக்கன் கீக்கன் எல்லாம் கெடையாது. இந்த இடத்த நடத்தற அம்மா உள்ள யாருக்கோ மாத்திரை குடுத்துட்டு இருக்கறாங்களாம், முடிச்சுட்டு வந்து கூப்புடுவாங்களாம். நானும் அரை மணி நேரமா உக்காந்துட்டுத்தான் இருக்கறேன்.

யாருக்குங்க பாக்கறீங்க? அம்மாவுக்குங்களா. பாருங்க, சொல்றதுக்குள்ள மொகம் வாடிப் போச்சு. மொதத் தடவையா வர்றீங்கன்னு தெரியுது. அப்ப நான் சொல்றதக் கேட்டுக்குங்க. இந்தக் கோயமுத்தூர்ல பகல்ல பெரியவங்களப் பாத்துக்கற இடம்னு இருக்கறதுல நான் ஏறி எறங்காத இடமில்ல. இது அஞ்சாவது.

போறதுன்னா சொல்லீட்டுப் போகாதீங்க. சொல்லீட்டுப் போனா கோலம் போட்டு, சாம்பிராணி காட்டி வெச்சிருப்பாங்க. சோறு உண்டு முடிச்சு மூணு மணிக்கு, எல்லாரும் அசந்திருக்கற நேரமாப் பாத்துப் போய் நில்லுங்க. பெரியவங்கள வரிசையா உக்கார வெச்சு டிவியப் போட்டுவிட்டுட்டு, பாத்துக்கற பொண்ணுக செல்லு நோண்டிட்டு இருந்தா, செருப்புக் கூடக் கழட்டாதீங்க, அப்பிடியே திரும்பிருங்க. அப்பறம் கக்கூஸு. கூச்சப்படாம உள்ள போய்ப் பாக்கோணும். புடிச்சுக்கறதுக்குச் செவுத்துல கம்பி இருக்குதா, தரை வழுக்குதா, உள்பக்கம் தாப்பாள் எப்பிடி இருக்குதுன்னு. ரெண்டாவது பாத்த இடத்துல ஆபீஸ் ரூமு கண்ணாடியா மின்னுது, கக்கூஸ்ல கம்பி இல்ல. ஒருத்தரு விழுந்தா இடுப்பு போச்சு.

மாத்திரைய யாரு குடுக்கறா, எழுதி வெக்கறாங்களா, அதையும் கேளுங்க. எத்தன பேருக்கு ஒரு ஆளுன்னு கேளுங்க. மறதி இருக்கறவங்களயும் சும்மா பேச்சுத்துணைக்கு வர்றவங்களயும் ஒண்ணா வெச்சிருந்தா அது ஆகாது. உங்க அம்மாவுக்கு மறதிங்களா? ஓ, கீழ விழுந்ததுக்கு அப்பறம் பயமா. தனியா இருக்க மாட்டேங்கறாங்களா. அப்பச் சரியாயிரும், பேச ஆளிருந்தாப் போதும். மொதல்ல ஒரு நாளு நீங்களும் கூட இருந்து பாருங்க. நல்ல இடம்னா அதுக்கு ஒத்துக்குவாங்க.

ஒரு நிமிசங்க. ஒண்ணுமில்ல, சன்னல்ல ஒரு பார்வை பாத்துக்கிட்டேன்.

நீங்க கலங்காதீங்க. இது முதியோர் இல்லம் இல்லீங்க. காலைல விட்டுட்டுப் பொழுதோட கூட்டிட்டு வர்றது. ராத்திரி நம்மூட்டுச் சோறு, நம்மூட்டுக் கட்டில். ஆனா எங்க சனத்துகிட்ட இதச் சொல்லிப் புரிய வெக்க முடியுங்களா? காப்பகம்ங்கற வார்த்தை காதுல விழுந்தாப் போதும், மாமனாரக் கொண்டு போய்த் தள்ளீட்டா மகராசின்னு ஊரெல்லாம் பேசீருவாங்க. அவரு மகன யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. எங்கூட்டுக்காரரு லேத் பட்டறைக்குக் காலைல எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான். பேச்சு வாங்கறது நான்.

எங்க மாமனாருங்க, நாச்சிமுத்துன்னு பேரு. எண்பத்தொண்ணு வயசு. நூல் மில்லுல முப்பத்தாறு வருசம் வேலை பாத்தாரு. மில்ல மூடி இருபது வருசமாச்சு, ஆனா அவரு மண்டைக்குள்ள இன்னும் சங்கு ஊதிட்டு இருக்குது. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, "அம்மிணி, சோத்துத் தூக்குப்போசி எங்க?"ம்பாரு. நான் ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், எட்டரைக்குக் கெளம்போணும். போன மாசியில ஒரு நாளு நான் வந்து பாக்கறேன், கேஸ் அடுப்பு தொறந்து கெடக்குது, கதவு தொறந்து கெடக்குது, ஆளக் காணோம். மில்லு இருந்த இடத்துல இப்ப அடுக்குமாடி கட்டீட்டாங்க, அங்க போய் வாச்மேன்கிட்ட கேட்டத் தொறடான்னு சத்தம் போட்டுட்டு இருந்தாரு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், பகல்ல இவரத் தனியா விடக் கூடாதுன்னு.

நல்ல மனுசனுங்க. அதையும் சொல்லோணும். எங்கப்பா செத்தப்ப எனக்கு அப்பனா நின்னவரு. கல்யாணமாகி வந்தவ வேலைக்குப் போறதான்னு எங்க மாமியா குதிச்சப்ப, போய்ட்டு வா அம்மிணின்னு சைக்கிள்ல கொண்டு வந்து பஸ் ஸ்டாப்புல விட்டவரு. அதனாலதான் நாலு இடம் ஏறி எறங்கிப் பாத்தேன். ஏனோதானோன்னு தள்ளிவிடல.

நாலாவது பாத்த இடம் நல்ல இடங்க. பேரு வேண்டாம். ரெஜினா சிஸ்டர்னு ஒருத்தங்க நடத்தறாங்க, ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. மொத நாளே என்னைய உக்கார வெச்சு ஒரு மணி நேரம் கேள்வி. என்ன சாப்புடுவாரு, எதுக்குக் கோவம் வரும், எந்தப் பாட்டு புடிக்கும், என்ன வேலை பாத்தாருன்னு. மில்லுன்னு சொன்னேன். மறு வாரம் எங்கயோ போய் நூல் சுத்துன கோன் ஒரு மூட்டை வாங்கி வெச்சிருக்கறாங்க. கலரு கலரா. அத அவரு மேசைல கொட்டிவிட்டா, பொழுதன்னைக்கும் பிரிச்சுப் பிரிச்சு அடுக்குவாராம். பக்கத்துல இருக்கற பெரியவரு தப்பா அடுக்குனா அதட்டுவாராம். நான் ஒரு நாளு மூணு மணிக்குச் சொல்லாமப் போய்ப் பாத்தேன். மனுசன் மொகத்துல அப்பிடி ஒரு தெளிச்சி. வீட்டுல நான் அதப் பாத்து வருசக்கணக்காச்சு.

எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிதான் கெடுத்துச்சு.

வேனுங்க. வெள்ள வேனு. ரெண்டு பக்கமும் இத்தாச்சோடு பெரிய எழுத்துல "முதியோர் பகல்நேரக் காப்பகம்"னு எழுதி, குச்சி ஊனுன கெழவரு படம் வேற. மொத நாளு எங்கூட்டு முன்னாடி வந்து நின்னு ஆரன் அடிக்கறான் டிரைவரு. எதுத்தூட்டு அம்மா வாசத் தெளிச்சுட்டு இருந்தவ, வாளிய வெச்சுட்டு நின்னு பாக்கறா. எனக்கு ஒடம்பே கூசிப் போச்சு. வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கறா. எங்க சௌந்தர்யாவுக்கு இருபத்தாறு நடக்குது. நாலு எடத்துல ஜாதகம் குடுத்து வெச்சிருக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெருவுல விசாரிக்காம வருவாங்களா?

அன்னைக்கே சிஸ்டர்கிட்டப் போய் சொல்லீட்டேன், வண்டி தெருவுக்குள்ள வரக் கூடாதுன்னு. மெயின் ரோட்டுல எடை மேடை இருக்குதுங்க, லாரி எடை போடறது. எங்கூட்ல இருந்து ஒரு கால் மைல். அங்க எங்க ஆளுக யாரும் இல்ல. காலைல அங்க நான் கொண்டு வந்து ஏத்தறேன், பொழுதோட நாலே முக்காலுக்கு அங்க எறக்கிவிடுங்க, நான் வந்து கூட்டிக்கறேன்னேன். அந்தம்மா ஒத்துக்கல. வாசல்ல கொண்டு வந்து, வீட்டு ஆளு கையில ஒப்படைச்சு, நோட்டுல கையெழுத்து வாங்கறதுதான் அவங்க முறையாம். ரெண்டு தடவ மாட்டேன்னாங்க. மூணாவது தடவ நான் லெட்டரே எழுதிக் குடுத்துட்டேன். எடை மேடைகிட்ட விட்டாப் போதும், நான் வர லேட் ஆனாலும் பரவால்ல, அப்பறம் எங்க பொறுப்புன்னு. இப்ப அந்த லெட்டர எடுத்து எடுத்து எங்கிட்டயே காட்டறாங்க. எழுதிக் குடுத்தா வாங்கிக்கறதா? வேலை தெரிஞ்சவங்க வேண்டாம்னு சொல்லியிருக்கோணுமில்ல?

நீங்க நெனைக்கறது தெரியுது. நான் வர லேட்டானா மறதிக்காரரு எங்கயாச்சும் போயிருவாருன்னுதான? அங்கதாங்க நான் ஒரு வழி வெச்சிருந்தேன்.

மில்லுல ஒரு சட்டம் இருக்குதாம். ஷிப்டு முடிஞ்சு சங்கு ஊதுனாலும், அடுத்த ஷிப்டுக்கு மாத்தாளு வந்து மிஷினுகிட்ட நின்னாத்தான் இவரு நகரோணும். மாத்தாளு வரலைன்னா அங்கயேதான். அதெல்லாம் நான் கல்யாணமாகி வந்த புதுசுல அவரு எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பெருமப்பட்டது. பேரு மறந்து போச்சு, பேத்தி மொகம் மறந்து போச்சு, அது மட்டும் மறக்கல. ஒரு நாளு எடை மேடைகிட்ட வெச்சு சும்மா சொல்லிப் பாத்தேன், "மாமா, இங்கயே நில்லுங்க, மாத்தாளு வர்ற வரைக்கும்"னு. சொல்லீட்டுக் கடைக்குப் போய்த் தக்காளி வாங்கீட்டு வந்தேன். நின்ன இடத்துல இருந்து ஒரு எட்டு நகரல. டாக்டருக்குத் தெரியாதது, சிஸ்டருக்குத் தெரியாதது, நான் கண்டுபுடிச்சேன். அவரப் புரிஞ்சு வெச்சிருக்கறது நான் ஒருத்திதான். அப்பறம் தெனமும் காலைல வேனுல ஏத்தறப்பச் சொல்லி அனுப்புவேன். எறங்குனதும் நில்லுங்க மாமா, நான்தான் உங்களுக்கு மாத்தாளுன்னு. நாலே முக்காலுக்கு எறங்குவாரு, நான் அஞ்சுக்குப் போவேன், அஞ்சே காலுக்குப் போவேன், செலை மாதிரி நிப்பாரு. ஏழு மாசம் ஒரு கொறையும் இல்ல.

போன ஐப்பசியில ஒரு வெள்ளிக்கெழம, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றோம்னாங்க. பெருந்துறைப் பக்கம். பையன் என்ஜினியரு, நல்ல குடும்பம். மூணு மணிக்கு வந்து நாலுக்குக் கெளம்பீருவோம்னு சொன்னாங்க. நான் கணக்குப் போட்டு வெச்சுட்டேன். மாமா காப்பகத்துல இருப்பாரு, அவங்க போனதும் நான் போய்க் கூட்டியாந்தர்லாம்னு. வீட்டுல வெச்சிருக்கலாம்லன்னு நீங்க கேப்பீங்க. வந்தவங்க முன்னாடி தூக்குப்போசி எங்கன்னு நின்னா?

மழை புடிச்சுக்கிச்சு. அவங்க வந்து சேந்ததே நாலரை.

உக்காந்ததும் பையனோட அப்பா கேட்டது, "பெரியவரு எங்கீங்க காணோம்?" நான் வாயெடுத்து, பழனிக்குப் போயிருக்கறாருங்க, வர ரெண்டு நாளாகும்னு சொல்லீட்டேன். எப்பிடி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. இந்த வயசுல தனியாவான்னு அவங்களுக்கு ஆச்சரியம். ஒடம்பு நல்ல கட்டுங்க, மில்லு ஒடம்புன்னேன். அந்தக் காலத்து ஆளுக அப்பிடித்தான்னு அவரு தலையாட்டறாரு. எங்கூட்டுக்காரரு கீழ குனிஞ்சுக்கிட்டாரு. ஒரு பேச்சு பேசத் தெரியாதுங்க அந்த மனுசனுக்கு.

மணி நாலே முக்கால் ஆச்சு. அஞ்சாச்சு. மழை கொட்டுது. பஜ்ஜி ஆறிப் போச்சுன்னு மறுபடியும் போடறேன். சௌந்தர்யா பட்டுச்சேலையோட சமையல்கட்டுக்கு வந்து, "அம்மா, தாத்தா"ங்கறா. நான் போறேன்ங்கறா. சேலை நனஞ்சுரும், போய் உக்காருன்னு சொன்னேன். மாத்தாளு வர்ற வரைக்கும் நிப்பாருடி, உனக்கென்ன தெரியும்னேன். எங்கூட்டுக்காரர அனுப்பலாம்னா, பையனோட அப்பா அவரு கையப் புடிச்சுட்டு மஞ்சள் வெலையப் பத்திப் பேசிட்டு இருக்கறாரு. நடுவுல எந்திரிச்சுப் போனா எங்கன்னு கேக்க மாட்டாங்களா? இடி இடிக்கறப்பெல்லாம் நெஞ்சுல அடிக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா சிரிச்சுட்டுத்தான் இருந்தேன். சாப்புடுங்க, சாப்புடுங்கன்னு சிரிச்சுட்டுத்தான் இருந்தேன்.

ஆறரை மணிக்குக் கெளம்புனாங்க. பொண்ணு புடிச்சிருக்குது, வீட்டுல கலந்துட்டுச் சொல்றோம்னாங்க. காரு தெருமுக்குத் திரும்பறதுக்குள்ள நான் குடைய எடுத்துட்டேன். செருப்ப மாட்டறப்ப போனு அடிக்குது. பையனோட அம்மா. எதையாச்சும் மறந்துட்டுப் போய்ட்டாங்களோன்னு எடுத்தேன்.

அந்தம்மா சொன்னது இன்னும் காதுல இருக்குது. "ஏனுங்க, இங்க எடை மேடைகிட்ட ஒரு பெரியவரு நனஞ்சுட்டு நிக்கறாரு. கழுத்துல ஒரு அட்டை தொங்குது. அதுல உங்க நம்பரு இருக்குதுங்க."

கேட்டீங்களா? அட்டைங்க. அந்தக் காப்பகத்துல எல்லாருக்கும் கழுத்துல மாட்டிவிட்டுருவாங்க. பேரு, வீட்டு நம்பரு, காப்பகத்து நம்பரு. எறங்கறப்பக் கழட்டீட்டு விடுங்கன்னு நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கறேன். கேக்கல. அந்த அட்டை மட்டும் இல்லீன்னா அவங்க பாட்டுக்குப் போயிருப்பாங்க. எவரோ ஒரு பெரியவருன்னு போயிருப்பாங்க.

அந்தம்மாவே கார்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டாந்து விட்டுச்சு. ஏறவே மாட்டேன்னாராம், மாத்தாளு வரல, விட்டுட்டு வந்தா மேஸ்திரி சம்பளத்த வெட்டிருவாருன்னு. நான்தாங்க மாத்தாளு, நீங்க போலாம்னு அந்தம்மா சொன்னதுக்கு அப்பறந்தான் ஏறுனாராம். எப்பிடித்தான் தோணுச்சோ அவங்களுக்கு. புதுச் சேலை, மாம்பழக் கலர்ல பட்டு, அந்த முந்தானையிலயே தலையத் தொவட்டி விட்டிருக்குது.

வாசல்ல எறங்கி மாமா என்னையப் பாத்தாரு. ஒதடு நீலம் பாஞ்சு கெடக்குது. "ஏன் அம்மிணி இவ்வளவு நேரம்?"னாரு. கோவமா இல்லீங்க. சும்மா கேட்டாரு. அத்தன பேரு நிக்கறாங்க.

அந்தம்மா பழனியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக் கூடத் தேவலை. அட்டையத் திருப்பிப் பாத்துட்டு, "இந்த இடம் நல்லா இருக்குதுங்களா? எங்க அத்தைக்கும் இப்பிடித்தான் மறதி. நாங்களும் ஒரு இடம் தேடிட்டு இருக்கறோம்"னு மெதுவாக் கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க? தெரியலீங்க, இன்னைக்குத்தான் மொத நாளு அனுப்புனோம்னேன். அட்டை அழுக்கேறி ஓரமெல்லாம் கிழிஞ்சு கெடக்குது. அதையும் பாத்துட்டுத்தான் இருந்துச்சு.

மூணாம் நாளு தரகரு போன் பண்ணுனாரு. அவங்களுக்குத் தோது இல்லையாம். நான் விடுவனா, என்ன காரணம்னு நோண்டிக் கேட்டேன். பெரியவர அங்க விடறத ஒரு கொறையாவே அவங்க நெனைக்கலையாம். மழையில விட்டுட்டு வீட்டுக்குள்ள சிரிச்சுப் பேசிட்டு இருந்தத அந்தம்மாவால தாங்க முடியலையாம். பாருங்க அநியாயத்த. எனக்கு மட்டும் தாங்குச்சுங்களா? அன்னைக்கு அவரு காலத் தொடச்சுவிடறப்ப வெரலெல்லாம் வெளுத்து ஊறிக் கெடந்துச்சு. நான் அழுததுக்கு அளவே இல்ல. நாலு நாளு காய்ச்சல்ல கெடந்தாரு, நாலு நாளும் நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அத யாரு பாத்தா?

சௌந்தர்யா எங்கிட்டப் பேசறதில்ல. ஒரு நாளு அட்டையப் பத்தி நான் சொல்லிட்டு இருக்கறப்ப, "தாத்தா ரெண்டு மணி நேரம் நின்னாரும்மா"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்பறம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. யாருக்காக இதெல்லாம் பண்ணுனேன்? அவளுக்காகத்தான.

சிஸ்டர் கண்டிசனாச் சொல்லீட்டாங்க. வாசல்ல வந்து கையில ஒப்படைக்கறதுன்னா நாளைக்கே அனுப்புங்க, அவரு மேச அப்பிடியே இருக்குது. எடை மேடைன்னா எங்களால முடியாது. மேசையில கோனெல்லாம் அப்பிடியே அடுக்குனபடி இருக்குதாம், யாரையும் தொட விடலையாம். அதக் கேட்டப்ப எனக்கு என்னமோ பண்ணுச்சுங்க. இவரும் வீட்டுல சும்மா இருக்கறதில்ல. அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் சட்டையப் போட்டுக்கிட்டு, வேல இருக்குது அம்மிணி, கொண்டு போய் விடுன்னு பொழுதுக்கும் கெஞ்சறாரு. சோறு எறங்கறதில்ல. ஸ்கூல்ல எனக்கு லீவு தீந்து போச்சு. வெசனமா இருக்குதுங்க. ராத்திரி படுத்தா அந்த எடை மேடைதான் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா அந்தக் கெழவரு படம் போட்ட வண்டி என் வாசல்ல வந்து நிக்கறத மட்டும் என்னால நெனச்சுப் பாக்க முடியல. தை மாசம் தாராபுரத்துல இருந்து இன்னொரு எடம் வருது.

அதான் இங்க வந்தேன். ஆமாங்க, இங்க கக்கூஸ்ல கம்பி இல்ல, பாத்துட்டேன். டிவிதான் ஓடிட்டு இருக்குது, அதையும் பாத்துட்டேன். உங்க அம்மாவுக்கு இந்த இடம் வேண்டாங்க, அந்த சிஸ்டர் நம்பரு தர்றேன், எழுதிக்குங்க. எனக்கு ஒரே ஒரு விசயம் தெரிஞ்சாப் போதும். இவங்க வண்டியில பேரு எழுதியிருக்குதா, இல்ல வெறும் வண்டியான்னு.

மாமனாரா? கூட்டிட்டுத்தான் வந்தேன். வெளிய கேட்டுகிட்ட நிக்கறாரு. உள்ள கூட்டியாந்து இடம் புடிச்சுப் போச்சுன்னா அப்பறம் நகர மாட்டாரு, மொதல்ல நமக்குத் தோது வருதான்னு பாக்கோணுமில்ல.

வெயில்லயா? இல்லீங்களே, நெழலு பாத்துத்தான் நிக்க வெச்சேன். ஓ, நெழலு நகந்துருச்சாட்ட இருக்குது. ரெண்டு எட்டு தள்ளி நிக்கலாம், மாட்டாரு.

அந்தம்மா கூப்புடறாங்க, என்னையத்தான். நீங்க எந்திரிக்காதீங்க, நீங்க போய்க் கூப்பிட்டாலும் வர மாட்டாரு. ஒரு வார்த்தை, வண்டியப் பத்தி மட்டும் கேட்டுட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் அவரு நிப்பாருங்க. மாத்தாளு வருவாங்கன்னு சொல்லீட்டுத்தான் வந்திருக்கறேன்.